உயர்தர வகுப்பில் உளவியல்: பாடநூல் இல்லாமல் எதை வைத்துத் தொடங்குவது?

திருக்கோவில் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அளவையியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: “அடுத்த தவணையிலிருந்து 12ஆம் தரக் கலைப்பிரிவுக்கு வாரம் இரண்டு பாடவேளை உளவியல் அறிமுகம் எடுக்கும்படி அதிபர் சொல்லியிருக்கிறார். பரீட்சைப் பாடமில்லை, பாடசாலை தானாகத் தொடங்குவது. பாடநூலும் இல்லை, ஆசிரியர் வழிகாட்டியும் இல்லை. மல்டிமீடியா ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் முன்கூட்டியே பெயர் போட வேண்டும். பாதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிப்பது சிரமம். என்ன வளங்கள் இருக்கின்றன, எங்கே தொடங்கலாம்?”

டீச்சர், நீங்கள் அளவையியல் ஆசிரியை என்பதே இந்தப் பாடத்துக்குக் கிடைத்த முதல் வளம். ஜோன் ஸ்டுவர்ட் மில் என்ற மெய்யியலாளரின் வேற்றுமை முறையை உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் படிப்பிக்கிறீர்கள். இரண்டு சந்தர்ப்பங்கள், எல்லாம் ஒன்றுபோல இருக்க ஒன்றே ஒன்று மட்டும் மாறுகிறது, விளைவும் மாறுகிறது என்றால் காரணத்தை அங்கே தேடு. 1843இல் மில் எழுதிய அந்த முறையை, கதிரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் செய்து பார்ப்பதுதான் உளவியல் பரிசோதனை. சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்பாட்டுக் குழு என்று நீங்கள் சொல்லும்போது பிள்ளைகளுக்குப் பாதி ஏற்கெனவே விளங்கியிருக்கும்.

ஆசிரியர் பயிற்சியில் பல வருடம் கல்வி உளவியல் படிப்பித்தவன் நான். இந்தப் பாடம் வழிதவறிப் போவதை இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறேன். ஒன்று, அறிவுரை வகுப்பாகிவிடும்: தன்னம்பிக்கை, நேரான சிந்தனை, வெற்றிக்கு ஐந்து வழி. மற்றது, வகுப்பறையே உளவளத்துணை அறையாகிவிடும். இரண்டுமே நல்ல மனதோடுதான் நடக்கின்றன. ஆனால் 16, 17 வயதுப் பிள்ளை இந்தப் பாடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியது “இது எப்படித் தெரியும்?” என்ற கேள்வியை. ஒரு புத்தகமோ வீடியோவோ கையில் வந்தால் நான் பார்ப்பது அதைத்தான்: இது பிள்ளையை அப்படிக் கேட்க வைக்கிறதா, இல்லை மனப்பாடம் செய்ய வைக்கிறதா?

சரி, புத்தகங்களுக்கு வருவோம். இணையத்தில் இலவசமாக, சட்டப்படியே எடுக்கக்கூடியவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற திட்டத்தின் உளவியல் பாடநூல் முதலாவது. 16 அத்தியாயம். அதன் பெரிய நன்மை அதன் உரிமம்: மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், பிரதி எடுக்கலாம், சுருக்கலாம், தமிழில் மொழிபெயர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முழுவதையும் மொழிபெயர்க்கப் போகாதீர்கள். ஆய்வுமுறை பற்றிய 2ஆம் அத்தியாயத்தையும் ஞாபகம் பற்றிய 8ஆம் அத்தியாயத்தையும் மட்டும், அவற்றிலும் உங்களுக்குத் தேவையான பக்கங்களை மட்டும், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.

இரண்டாவது, இந்தியாவில் பாடநூல் தயாரிக்கும் அரச நிறுவனமான என்சிஇஆர்டி 11ஆம், 12ஆம் வகுப்புகளுக்கு வெளியிடும் உளவியல் நூல்கள். அவர்களுடைய இணையத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இறக்கலாம். ஆங்கிலம் எளிமையானது, உதாரணங்கள் தெற்காசியக் குடும்பத்தை ஒட்டியவை, நம் பிள்ளைகளின் வயதுக்கென்றே எழுதப்பட்டவை. உங்கள் வகுப்பில் ஆங்கிலம் ஓரளவு ஓடும் பிள்ளைகளின் கையில் நேரடியாகக் கொடுக்கக்கூடியது இதுதான். மூன்றாவது நோபா என்ற திட்டம். அது புத்தகமாக இல்லாமல் தனித்தனிக் கட்டுரைகளாக, ஒவ்வொன்றும் அந்தந்தத் துறை ஆய்வாளர் எழுதியதாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடினம். நீங்கள் வாசித்துத் தெளிந்துகொள்ள நல்லது.

பாட ஒழுங்குக்கு, அமெரிக்க உயர்பாடசாலைகளில் பல்கலைக்கழக மட்டத்தில் படிப்பிக்கும் ஏபி சைக்கோலஜி பாடத்திட்டத்தை ஒருதரம் பாருங்கள். 2024இல் அதைத் திருத்தி ஐந்து அலகாக்கினார்கள்: நடத்தையின் உயிரியல் அடிப்படை, அறிகை, விருத்தியும் கற்றலும், சமூக உளவியலும் ஆளுமையும், உள உடல் நலம். அமெரிக்க உளவியல் சங்கமும் உயர்பாடசாலை உளவியலுக்கென்று ஒரு தேச மட்ட நியமத்தை வைத்திருக்கிறது, ஆசிரியர்களுக்கான பாடத் திட்டங்களையும் தயாரிக்கிறது. ஆனால் அவற்றை அப்படியே பின்பற்றினால் நரம்புக்கலத்தில் தொடங்கி முதல் தவணை முழுவதும் மூளையிலேயே போய்விடும். கலைப்பிரிவுப் பிள்ளைகள் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள். நான் என்றால் ஞாபகத்தில் தொடங்குவேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும் விஷயம் வேறு இல்லை.

தமிழில் என்ன இருக்கிறது? நூலகம் இணையத்தளத்தை மறக்காதீர்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் எண்ணிமமாக்கி இலவசமாக வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ‘நான்’ என்ற உளவியல் சஞ்சிகையின் பழைய இதழ்கள், ஆசிரியர்களுக்கான ‘அகவிழி’ இதழ்கள் எல்லாம் அங்கே உண்டு. கல்வி உளவியல் நூல்களும் கிடைக்கும். ஆனால் அந்த நூல்கள் ஆசிரியர்களுக்கென்று எழுதப்பட்டவை. “பிள்ளையின் சிந்தனை வளர்ச்சிக்கு நான்கு பருவங்கள் என்றார் பியாஜே” என்று முடிவை எழுதுவார்கள். அவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது ஒரு வரியில் போய்விடும். உங்களுக்குத் தேவைப்படுவது அந்த ஒரு வரிக்குள் இருக்கும் கதை.

வீடியோவுக்கு, கிராஷ் கோர்ஸ் தொடரில் உளவியலுக்கு 40 பகுதிகள் இருக்கின்றன, 2014இல் வந்தவை. பேச்சு மிக வேகம். வகுப்பில் ஓடவிட்டால் யாருக்கும் பிடிபடாது. நீங்கள் வீட்டில் பார்த்து, மூன்று நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு நீங்களே தமிழில் விளக்கம் சொல்லுங்கள். கணினி அறை கிடைத்தால் சைடூல்கிட் என்ற இலவசத் தளத்தில் பரிசோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம், நேரத்தை அதுவே மில்லிசெக்கனில் அளந்து கொடுக்கும். அறை கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். இந்தப் பாடத்தின் அருமையான வளங்களுக்கு மின்சாரமே தேவையில்லை.

அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

பிரிஸ்டல் போர்ட் இரண்டும் நாலு நிற மார்க்கரும் வாங்குங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்ற சொற்களை ஒரு அட்டையில் அந்தந்த நிறத்திலேயே எழுதுங்கள். அடுத்ததில் நிறத்தை மாற்றி எழுதுங்கள்: ‘சிவப்பு’ என்ற சொல் நீல மையில், ‘பச்சை’ கறுப்பு மையில். சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லி, போனில் நேரம் பிடியுங்கள். இரண்டாவது அட்டையில் பிள்ளைகள் திணறுவார்கள், வகுப்பே சிரிக்கும். 1935இல் ஸ்ட்ரூப் என்பவர் வெளியிட்ட பரிசோதனை இது. வாசிப்பு நமக்கு அவ்வளவு பழகிவிட்டதால் அதை நிறுத்திவைக்க முடிவதில்லை. இத்தோடு எல்லா நாட்டு வகுப்பும் முடிந்துவிடும். உங்கள் வகுப்பு இன்னும் ஒரு படி போகலாம். மூன்றாவது அட்டையைச் சிங்களத்தில் எழுதுங்கள், நான்காவதை ஆங்கிலத்தில். நன்றாகப் பழகிய மொழியில்தான் இடைஞ்சல் கூட இருக்கும். சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அந்த அட்டை அவ்வளவு தொந்தரவு தராது. அம்பாறை நகரத்தில் வளர்ந்து சிங்களம் சரளமாக வாசிக்கும் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் அந்தப் பிள்ளையின் நேரம் வேறு மாதிரி வரும். முதலில் பிள்ளைகளைக் கருதுகோள் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எபிங்ஹவுஸ். 1885இல் ஞாபகத்தைப் பற்றி வெளியிட்ட ஜெர்மானியர். தன்னையே பரிசோதனைப் பொருளாக்கி, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஏன் பொருளில்லாத அசை? பொருள் இருந்தால் பழைய அறிவு உதவிக்கு வந்துவிடும், ஞாபகத்தை மட்டும் தனியே அளக்க முடியாது. பிள்ளைகளையே இரண்டெழுத்துச் சொற்களை உண்டாக்கச் சொல்லுங்கள்: ஞொபி, ழேது, நௌகு என்பது போல. பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நமது பகுதியில் இது சுவையாகவே போகும், ஒரு ஊர்ப் பிள்ளைக்கு வெறும் ஒலி, அடுத்த ஊர்ப் பிள்ளைக்கு வீட்டில் புழங்கும் சொல். பன்னிரண்டு சொற்களைப் பாடவேளைத் தொடக்கத்தில் படிக்கட்டும். முடிவில் ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை எழுதட்டும். வரைபடத்தை அவர்களே கீறட்டும்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். “ஒரே நாளில் 66 சதவீதத்தை மறந்துவிடுகிறோம்” என்று பல இடத்தில் எழுதியிருப்பார்கள். எபிங்ஹவுஸ் அளந்தது அதையல்ல. திரும்பவும் படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை அளந்தார். 20 நிமிடத்துக்குப் பிறகு 58 சதவீதம் மிச்சம், ஒரு மணித்தியாலத்தில் 44, ஒரு நாளில் 34, 31 நாளில் 21. அதாவது சொல்லே ஞாபகம் வராவிட்டாலும் படித்தது வீண்போகவில்லை, இரண்டாம் முறை சீக்கிரம் ஏறுகிறது. பரீட்சைக்குப் பயந்திருக்கும் பிள்ளைக்கு இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, அளந்து கண்ட உண்மை. இதோடு சேர்த்து 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் செய்த ஆய்வையும் சொல்லுங்கள். ஒரு பந்தியை இரண்டு தரம் படித்தவர்கள் ஒரு வாரத்தில் 42 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒரு தரம் படித்து, பார்க்காமல் ஒரு தரம் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது இரண்டு தரம் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். விடிய விடியத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பிள்ளைகளுக்குத் தாங்கள் ஏன் ஏமாறுகிறோம் என்று அந்த ஐந்து நிமிட முடிவு காட்டும்.

இலக்கங்களை ஞாபகம் வைப்பதற்கு நமது தேசிய அடையாள அட்டை நல்ல உதாரணம். பன்னிரண்டு இலக்கத்தை ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கும் நிற்காது. முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாம் நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும் என்று விளக்கிவிட்டால், 523 என்பது ஜனவரி 23இல் பிறந்த பெண் என்று ஒரே துண்டாகிவிடுகிறது. 1956இல் மில்லர், ஒரே நேரத்தில் மனதில் நிற்பது ஏழு, இரண்டு கூடக் குறைய என்று சொன்னது இந்தத் துண்டுகளைத்தான். பின்னால் வந்த ஆய்வுகள் நான்கு அளவில்தான் என்கின்றன. பிள்ளைகளின் உண்மையான இலக்கங்களை வகுப்பில் சொல்ல வைக்காதீர்கள், நீங்களே கற்பனையாக எழுதிக் கொண்டுபோங்கள்.

லொப்டஸும் பால்மரும் 1974இல் செய்ததை விட்டுவிடவே கூடாது. கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, ஒரே கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 என்றார்கள். படம் ஒன்றுதான். நீங்கள் விபத்துப் படம் காட்ட வேண்டாம், வகுப்பில் விபத்தில் யாரையாவது இழந்த பிள்ளை இருக்கும். வாவியில் இரண்டு தோணி ஒன்றையொன்று முட்டுவதைப் போனில் பிடித்து வாருங்கள். பாதி வகுப்புக்கு ‘மோதியபோது’, மற்றப் பாதிக்கு ‘உரசியபோது’ என்று துண்டுத் தாளில் கேளுங்கள். வித்தியாசம் வராமலும் போகலாம். வராவிட்டால் இன்னும் நல்லது: 28 பேர் போதுமா, துண்டு சரியாகக் கலந்து கொடுக்கப்பட்டதா, வேகத்தைக் கணிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறதா என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம். எனக்கு மிகப் பிடித்த வகுப்புகள் அப்படி எதிர்பார்த்தது வராமல் போனவைதான்.

மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று நாடு முழுவதும் சொல்லும் ஊர் நமது. அதனால் இதையும் செய்யுங்கள். பிள்ளைகளிடம் கையெழுத்து மாதிரி வாங்கி, “இதைப் பார்த்து உங்கள் குணத்தை எழுதி வருகிறேன்” என்று சொல்லி, அடுத்த வகுப்பில் ஒவ்வொருவருக்கும் மடித்த தாள் ஒன்றைக் கொடுங்கள். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றச் சொல்லுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே வசனம். 1948இல் ஃபோரர் என்பவர் 39 மாணவர்களிடம் இதைச் செய்தபோது சராசரி 4.26 வந்தது, அந்த வசனங்களைக் கடையில் விற்ற சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார். ஒரு நிபந்தனை: ஏமாற்றியதை அந்தப் பாடவேளைக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும், ஏன் செய்தீர்கள் என்றும் விளக்க வேண்டும். ஆய்வு ஒழுக்கநெறி என்ற அலகை நீங்கள் தனியே நடத்தத் தேவையில்லை, இங்கேயே தொடங்கிவிடும். யாருடைய வீட்டு நம்பிக்கையையும் பெயர் சொல்லிக் கேலி செய்ய இடம் கொடுக்காதீர்கள்.

பிள்ளை விருத்திக்கு வீட்டில் தம்பி தங்கை இருந்தால் போதும். ஒரே அளவான இரண்டு கிளாசில் தண்ணீர், ஒன்றை ஒடுக்கமான உயரக் கிளாசில் ஊற்றிவிட்டு எதில் கூட என்று நாலு வயதுப் பிள்ளையிடமும் எட்டு வயதுப் பிள்ளையிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். பியாஜே செய்தது: சின்னப் பிள்ளை உயரக் கிளாசில்தான் கூட என்று சொல்லும். ஆனால் ஊற்ற முன்னும் பின்னும் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால், முதல் பதில் பிழை போல என்று சின்னப் பிள்ளை நினைத்து மாற்றிச் சொல்லும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். அதனால் சிலர் ஒரு தரம் மட்டும் கேட்டு வரட்டும். கல்முனைக்குப் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளுக்கு அவதானிப்பு வேலை கொடுக்கலாம்: எந்த இருக்கை முதலில் நிறைகிறது, அறியாதவர் பக்கத்தில் யார் எப்போது உட்காருகிறார்கள். பெயர் குறிக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

சொற்களைப் பற்றி. இந்தியத் தமிழ் வலைப்பக்கங்களும் நமது கல்வி உளவியல் நூல்களும் ஒரே விஷயத்துக்கு வேறு வேறு சொல் வைத்திருக்கின்றன. நாம் உளவளத்துணை என்பதை அங்கே மன ஆலோசனை என்பார்கள். நமது புலக்காட்சி அங்கே புலனுணர்வு. அது பெரிய சிக்கல் இல்லை, கொப்பியின் கடைசிப் பக்கங்களில் பிள்ளைகளே ஒரு சொற்பட்டியலை வளர்க்கட்டும். சிக்கலானது ‘மன அழுத்தம்’. பரீட்சை நெருக்கத்தில் வரும் நெருக்கீட்டையும் அதே சொல்லால் சொல்கிறார்கள், வைத்தியம் பார்க்க வேண்டிய மனச்சோர்வு நோயையும் அதே சொல்லால் சொல்கிறார்கள். அதனால் ஒரு பிள்ளை தன் சாதாரணக் களைப்பை நோய் என்று பயப்படுகிறது, இன்னொரு பிள்ளையின் உண்மையான நோயை வீட்டார் ‘சும்மா ஒரு டென்ஷன்’ என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வாரத்திலிருந்தே நெருக்கீடு, மனச்சோர்வு என்று பிரித்துப் பேசுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி எடுத்தால் இந்த இடங்களில்தான் குழம்பும். ‘எதிர் மீளவலியுறுத்தல்’ என்பதையும் தண்டனை என்றே பலர் எழுதுகிறார்கள். நுளம்புத்திரி கொளுத்தினால் நுளம்பு போகிறது, அதனால் நாளைக்கும் கொளுத்துகிறோம். விரும்பாத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை பலப்படுகிறது, அவ்வளவுதான். அதில் தண்டனை எங்கே இருக்கிறது?

பழைய குறிப்புகளைப் பிரதி எடுக்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. நானே பல வருடம் படிப்பித்து, பிறகு திருத்திக்கொண்டவை இவை. பார்வைவழிக் கற்போர், செவிவழிக் கற்போர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அந்தந்த வழியில் கற்பித்தால் கற்றல் பேறு கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் பரிசீலித்துக் காட்டினார்கள். மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பாவிக்கிறோம் என்பது பொய். மாஸ்லோ தேவைகளின் படிநிலையை 1943இல் எழுதினார், முக்கோணம் அவர் கீறியதில்லை. மாணவர்களைக் காவலராகவும் கைதியாகவும் நடிக்க வைத்து ஸ்டான்போர்டில் 1971இல் சிம்பார்டோ நடத்திய சிறைச்சாலைப் பரிசோதனை இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறு நாளில் நிறுத்தப்பட்டது. காவலர்கள் தாமாகக் கொடுமைக்காரரானார்கள் என்று பாடநூல்கள் சொல்லும், ஆனால் கடுமையாக நடக்கும்படி அவர்கள் தூண்டப்பட்டார்கள் என்பதற்கு ஒலிப்பதிவே இருக்கிறது. கட்டளைக்குப் பணிந்து இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த மில்கிரமின் பரிசோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி ஆளி வரை போனார்கள் என்ற எண்ணையும் அதைச் சுற்றிய விமர்சனங்களோடு கொடுங்கள். இந்தப் பிழைகளை மறைக்காமல் காட்டுவது பாடத்தைப் பலவீனமாக்காது. தன் பிழையைத் தானே தேடித் திருத்தும் துறை என்று பிள்ளைகள் மதிப்பார்கள்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். சுனாமிக்கு அடுத்த வருடங்களில் ஞாபகம் பற்றிய பாடம் ஒன்றை எடுத்தேன். அதிர்ச்சிச் செய்திகள் படம் பிடித்ததுபோல மனதில் பதியும் என்ற கருத்தை விளக்குவதற்காக, “மறக்க முடியாத நாள் ஒன்றை எழுதுங்கள்” என்று பயிற்சி ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். என்ன எழுதுவார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஒருவர் எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு எழும்பி வெளியே போனார். அவர் திரும்பி வந்தபோது அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் வளர்ந்தவர்கள். உங்கள் முன்னால் இருக்கப்போவது பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகள் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனால் அந்தக் கரையோரத்தில் சுவரில் மாலை போட்ட படம் இல்லாத வீடு குறைவு. யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்காக இன்னும் காத்திருக்கும் அம்மம்மாக்கள் இருக்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இவர்கள் ஆரம்பப் பாடசாலையில் இருந்தவர்கள். அதனால் சொந்தத் துயரத்தை எழுது, சொல், நடித்துக் காட்டு என்ற எந்தச் செயற்பாட்டையும் வைக்காதீர்கள். வெளிநாட்டுப் பாடத் திட்டங்களில் அப்படியான செயற்பாடுகள் வரும், அவற்றைத் தாண்டிப் போங்கள். அதிர்ச்சி அடைந்தவரை ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்ல வைத்தால் மனம் ஆறும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் இருந்தது என்று தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, செய்ய வேண்டியதை எளிமையாக்கி மூன்று சொல்லில் வைத்தது: பார், கேள், இணை. தோண்டிக் கேட்கச் சொல்லவில்லை. அந்த வழிகாட்டியை நீங்கள் வாசித்து வைத்திருங்கள், வகுப்பு நடக்கும்போது யாராவது உடைந்துபோனால் அது உங்களுக்கு உதவும்.

உளநோய்கள் பற்றிய அலகை மூன்றாம் தவணைக்குத் தள்ளுங்கள். அதற்குள் பிள்ளைகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொடங்குவதற்கு முன் பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலிருந்து ஒருவரை வந்து பேசும்படி அதிபர் மூலம் கடிதம் எழுதலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும், சிறுவர்களுக்கான 1929ஐயும் கரும்பலகை மூலையில் அந்த அலகு முடியும்வரை அழிக்காமல் விடுங்கள். நோயின் அறிகுறிப் பட்டியலைக் கொடுத்து “உனக்கு எத்தனை இருக்கிறது?” என்று எண்ண வைக்கும் வினாக்கொத்துகள் இணையத்தில் ஏராளம். ஒன்றையும் வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள்.

துயரத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நமது மண்ணில் நடந்த வேலைகளைப் படிப்பாகவே கொண்டுவரலாம். யுத்தத்தின் காயம் தனி மனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்குகிறது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். வெளிநாட்டு வினாக்கொத்தை அப்படியே பாவிக்காமல், இலங்கை மக்கள் தாமே சொன்ன கதைகளிலிருந்து ஒரு உளநல அளவுகோலை உண்டாக்கியவர் காயத்ரி பெர்னாண்டோ. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, யுத்தத்தில் அடிபட்ட பிள்ளைகளோடு களிமண்ணாலும் நிறத்தாலும் கதையாலும் வேலை செய்தது. அம்மன் கோயில்களில் தெய்வம் ஏறிச் சொல்பவரிடம் காணாமல் போனவர்களின் தாய்மார் போய்க் கேட்பதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் இங்கேயே தங்கிப் பதிவு செய்தார். அந்தத் தாய்க்கு அங்கே என்ன கிடைத்தது என்று வகுப்பில் பேசலாம். மூடநம்பிக்கை என்று முடிக்கவும் வேண்டாம், அற்புதம் என்று முடிக்கவும் வேண்டாம்.

இது எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். பெரிய உளவியல் சஞ்சிகைகளில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்மய நாட்டவர்கள், அந்த நாடுகளில் இருப்பதோ உலக சனத்தொகையில் 12 சதவீதம் மட்டும் என்று 2010இல் ஹென்ரிக் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். நமது பக்கத்தில் தமிழரிலும் முஸ்லிம்களிலும் மகளுக்கே வீடு போகிறது, மருமகன்தான் வந்து சேருகிறார், பெரியம்மாவும் சின்னம்மாவும் ஒரே வளவில் இருக்கிறார்கள். அக்கரைப்பற்றில் பல வருடம் ஆய்வு செய்த மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடிமுறையை விரிவாக எழுதியிருக்கிறார். தாயும் குழந்தையும் மட்டும் இருக்கும் அறையில் தாய் எழும்பிப் போனால் குழந்தை என்ன செய்யும் என்று பார்த்து எழுதப்பட்டது பற்றுதல் கோட்பாட்டின் பெரும்பகுதி. நாலு பேர் மடியில் மாறி மாறி வளரும் நமது குழந்தைக்கு அது எவ்வளவு பொருந்தும்? பதில் எழுதப்பட்ட பக்கம் எதுவும் பாடநூலில் இல்லை. உங்கள் பிள்ளைகள் ஒரு கருதுகோளாவது எழுதட்டும்.

கால அளவையும் யோசித்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு என்றால் கணக்குக்கு அறுபதுக்கு மேல் பாடவேளை வரும். விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, மாரி வெள்ளம் எல்லாம் கழிந்து நாற்பத்தைந்து மிஞ்சினால் பெரிய விஷயம். முதல் தவணை ஞாபகமும் புலக்காட்சியும், இரண்டாவது கற்றலும் விருத்தியும், மூன்றாவது சமூக உளவியலும் உளநலமும். மூளைக்கு மொத்தம் மூன்று பாடவேளை போதும். புள்ளிக்கு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பக்கக் குறிப்பு: என்ன கேட்டோம், என்ன செய்தோம், என்ன வந்தது, வேறு என்ன காரணம் இருக்கலாம். கடைசிக் கேள்விக்கே அதிக புள்ளி கொடுங்கள்.

முதல் நாள் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போனதும், எதையும் விளக்காமல், அன்று காலை எழும்பியதிலிருந்து வகுப்புக்குள் வந்தது வரை நடந்ததை ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். யாரோடு வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், வாசலில் யாரைக் கண்டார்கள், எவ்வளவு நிச்சயம் என்பது வரை. பெரிய நாள் எதுவும் வேண்டாம், சாதாரணக் காலை போதும். ஒரு உறையில் போட்டு ஒட்டி, அதிபரின் அலுமாரியில் வையுங்கள். அமெரிக்காவில் 1986 ஜனவரியில் சலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் காலை, நைஸர் என்பவர் தன் மாணவர்களிடம் இப்படித்தான் எழுதி வாங்கினார். ஏறக்குறைய மூன்று வருடம் கழித்துக் கேட்டபோது பலர் வேறு இடத்தையும் வேறு ஆட்களையும் சொன்னார்கள், அதுவும் முழு நிச்சயத்தோடு. தங்கள் கையெழுத்தைக் காட்டியும் சிலர் நம்பவில்லை. உங்கள் உறையை மூன்றாம் தவணையின் கடைசி வாரம் பிரியுங்கள். பிரிப்பதற்கு முன் அதே கேள்விகளுக்குத் திரும்ப எழுதட்டும். நீங்களும் ஒரு தாள் எழுதி அதே உறைக்குள் போடுங்கள் டீச்சர், திகதியோடு.